நாலு போஸ்ட் கார்டு கனம்

கன்னியர் மடம், பவேரியா
8-9-1996, மாதா பிறந்த திருநாள்

பாசமுள்ள பவுல் அண்ணனுக்கு,

மாதா கிருபையில் நான் சுகம். நீயும் பவுலின் மதினியும் சுகமாக இருக்கவேண்டும் என்று இன்றைய பூசையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன். இங்கே குளிர் இப்போதே ஆரம்பித்துவிட்டது. காலையில் தண்ணீரில் கை வைத்தால் விரல் இருக்கிறதா இல்லையா என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான் இங்கே வந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத் தொழில் என்ற இடத்தில் 'மாவு மில்' என்று எழுதினேன். போன மாதம் மதர் கூப்பிட்டு, மில் குடும்பத்துப் பிள்ளை கிடைத்தது ஆண்டவர் செயல் என்று சொல்லி, பின்கட்டுத் தானிய அறைச் சாவியை என் கையில் வைத்துவிட்டார். உனக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்ததைத் தவிர மில்லைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எல்லா சிஸ்டர்மாரும் கை தட்டிவிட்டார்கள்.

இந்த மடத்தில் நாங்கள் எட்டுப் பேர். என்னைத் தவிர எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். சிஸ்டர் வால்புர்கா என்கிறவர் நாற்பது வருஷமாக மடத்துச் சாப்பாட்டுக்கு ஒரு பானம் செய்கிறார். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உமியோடு உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அடியில் இருக்கிற சல்லடை வழியாக இனிப்புத் தண்ணீரை வடிக்கவேண்டும். உடைக்கிற இரும்பு உருளை மிஷின் பல் தேய்ந்து நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய ஆளும் இல்லை, சாமானும் இல்லை. ரொட்டி மாவு அரைக்கிற கல் மிஷின் ஒன்று இருக்கிறது, கையால் சுற்றுவது. அதில் போட்டேன். எல்லாம் மாவாகிவிட்டது. ஊறவைத்தால் களி. ஒரு சொட்டு இறங்கவில்லை.

உள்ளே இருக்கிற பருப்பு உடையவேண்டும், மேலே இருக்கிற உமி உடையக் கூடாது. உமி முழுசாகக் கிடந்தால்தான் அடியில் படுத்துக்கொண்டு தண்ணீருக்கு வழி விடுமாம். இது எப்படி அண்ணா? ஈஸ்டருக்குள் சரியாகாவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு, வால்புர்காவைப் பெரிய மடத்து நோயாளிகள் விடுதிக்கு அனுப்பப் போவதாக மதர் சொல்கிறார். அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. வேலை இல்லாவிட்டால் வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக என் தலையில் கை வைத்து, இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். மில்லை அடைத்தால் நேரே வீட்டுக்குத்தானே போகிறாய்? கேட்டதற்குக் கோபப்படாதே.

உன் தங்கை
லில்லி


சமாதானபுரம், பாளையங்கோட்டை
27-9-1996
(மூலையில் பென்சிலில்: 8)

சிஸ்டரம்மா லில்லிக்கு, மில்கார அண்ணன் எழுதுவது.

உன் கடிதம் 19-ஆம் தேதி கிடைத்தது. நாங்கள் சுகம். மதினிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ இரண்டு காலுறையாகப் போட்டுக்கொள்.

படிவத்தில் மாவு மில் என்று எழுதினாயாக்கும்? தெப்பக்குளத்துப் பக்கத்தில் வீடு இருந்திருந்தால் நீச்சல் தெரியும் என்று எழுதியிருப்பாய். போகட்டும், மில்லின் மானத்தை இனி நான்தான் காப்பாற்றவேண்டும்.

கவனமாகக் கேள். கல்லும் கல்லும் ஒட்டிக்கொண்டு சுற்றினால் மாவு, விலகிச் சுற்றினால் குருணை. உன் மிஷினில் கல்லை நெருக்குகிறதற்கு ஒரு திருகு இருக்கும். அதை அரைச் சுற்று தளர்த்தி ஒரு பிடி தானியம் போட்டுப் பார். பிறகு இன்னொரு அரைச் சுற்று. வேகமாகச் சுற்றினாலும் மாவுதான். ஜெபமாலையையே ஓட்ட ஓட்டமாகச் சொல்லுகிறவள் நீ. பைய சுற்று.

இங்கே நானும் ஒரு கை பார்க்கிறேன். அம்மா கையால் அரைக்கிற கல் திருவை பரண்மேல் கிடந்தது. இறக்கிக் கழுவி வைத்திருக்கிறேன். கரண்டு மிஷினில் ஒரு பிடி, இரண்டு பிடி போட்டுப் பழக முடியாது. கையால் சுற்றுகிற உனக்குக் கையால் சுற்றிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
பவுல்ராஜ்


கன்னியர் மடம்
15-10-1996

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைத் தானிய அறைச் சுவரிலேயே ஒட்டிவிட்டேன். உடம்பு சுகம். இரண்டு காலுறை என்ன, மூன்று போட்டிருக்கிறேன். மதினி முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கட்டும்.

நீ சொன்னபடி திருகைத் தளர்த்தினேன். பாதித் தானியம் உடையாமல் அப்படியே உருண்டு விழுந்தது. கொஞ்சம் நெருக்கினால் பாதி மாவு, உமியெல்லாம் துண்டு துண்டு. நடுவில் ஒரு இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவையும் ஒரு கொப்பரை களியைப் பன்றிக்குப் போட்டோம். பக்கத்துப் பண்ணைக்காரர் எங்களுக்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறார். வால்புர்கா என்னைத் திட்டவில்லை. கொப்பரையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் கடிதத்து மூலையில் 8 என்று எழுதியிருந்ததே, அது என்ன? அப்புறம், நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மறுபடி கேட்கவில்லை, கேட்டதாக நினைத்துக்கொள்.

லில்லி


பாளையங்கோட்டை
1-11-1996, சகல புனிதர் திருநாள்
(மூலையில் பென்சிலில்: 43)

லில்லிக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் செம்மண்ணாக ஓடுகிறது. நாளைக்குக் கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்தாயிற்று. உன் பேருக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி வைப்பேன்.

உமியோடு பார்லி கேட்டுத் திருநெல்வேலி முழுக்க அலைந்தேன். கிடைக்கிறதெல்லாம் தோல் நீக்கியது. மருந்துக்கடை முகம்மது மைதீன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு அண்ணாச்சி கல்லடைப்பு? உங்களுக்கா?" என்று கேட்டார். "எனக்கு இல்லை வே, ஜெர்மனியில தங்கச்சிக்குப் பார்லி வேலை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

அதனால் சீவலப்பேரி நெல்லையே வாங்கிவந்தேன். அதற்கும் உமி உண்டே. தினமும் ஆறு மணிக்கு மில்லை அடைத்ததும் திருவையை முன்னால் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எட்டு மணி வரைக்கும் அதுதான் வேலை. நெல், கம்பு, கோதுமை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். உமி நொறுங்கத்தான் செய்கிறது. விடமாட்டேன்.

மூலையில் இருக்கிறது மில் டோக்கன் நம்பர். கையில் பென்சில் இருந்தால் எதையாவது கிறுக்குவேன்.

அண்ணன்
பவுல்ராஜ்


பாளையங்கோட்டை
4-11-1996

அன்புள்ள லில்லிக்கு மதினி பவுலின் எழுதுவது,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மறைக்காமல் சொல். கல் எந்தப் பக்கம்? வலி உண்டா? மருந்துக்கடைப் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்கைக்குப் பார்லி என்று உன் அண்ணன் அவரிடம் சொன்னாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உவரி அந்தோணியாருக்கு ஒன்பது நாள் ஜெபம் ஆரம்பித்துவிட்டேன். நெருஞ்சிமுள் காயவைத்துப் பார்சல் போட்டிருக்கிறேன். கஷாயம் வைத்துக் குடி.

இன்னொரு விஷயம். இது அவருக்குத் தெரியவேண்டாம். நீ ரயில் ஏறின பிறகு இரண்டு மாதம்தான் அந்தச் சத்தியம் நின்றது. அப்புறம் பழையபடிதான். ஆறு மணிக்கு மில்லை அடைப்பார், ஒயின் ஷாப்பில் போய் நிற்பார், யாராவது கொண்டுவந்து விடுவார்கள். உனக்கு எழுத எத்தனை தடவை உட்கார்ந்தேன் தெரியுமா? எழுதவில்லை. நீ அங்கே தனியாக அழுவாய்.

உன் தானியக் கடிதம் வந்ததே, அதற்கு மறுநாளிலிருந்து அவர் தொடவில்லை லில்லி. சாயங்காலமானால் அந்தத் திருவையோடு உட்கார்ந்து நெல்லை உடைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, தூற்றிவிட்டு மறுபடி உடைக்கிறார். காலண்டரில் செப்டம்பர் இருபதிலிருந்து பென்சிலால் நம்பர் போட்டிருக்கிறார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உன் நோய் சீக்கிரம் குணமாகட்டும் என்று கேட்கிறேன், இந்தத் தானிய வேலை சீக்கிரம் முடியாமல் இருக்கட்டும் என்றும் கேட்கிறேன். அந்தோணியார் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ.

மதினி
பவுலின்


கன்னியர் மடம்
20-11-1996

அன்புள்ள மதினிக்கு,

எனக்குக் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. உடம்பு குதிரை மாதிரி இருக்கிறது. உங்கள் முழங்காலை நினைத்துத்தான் கவலை.

மதினி, நான் ஒன்றை மறைத்துவிட்டேன். இங்கே பார்லியில் செய்கிற பானம் கஞ்சியும் இல்லை, கஷாயமும் இல்லை. பீர். இந்த ஊரில் மடங்களில்கூட அதைச் செய்கிறார்கள். சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு கிளாஸ், நம் ஊரில் மோர் குடிக்கிற மாதிரி. யாரும் தள்ளாடி நான் பார்த்ததில்லை. நான் ஒரு வாய் குடித்தேன். வேப்பங்கொழுந்து கெட்டது போங்கள். இதற்காகவா மனுஷர் வீடு வாசலை மறக்கிறார் என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு அந்தப் பேரை எழுதக் கை வரவில்லை. 'பானம்' என்று எழுதிவிட்டேன். அவர் குடியை விடுவதற்காக உட்கார்ந்து செய்கிற வேலை, குடிக்கிற சாமானுக்கே போய்ச் சேர்கிறது. 8, 43 என்ற நம்பர்கள் இப்போதுதான் எனக்குப் புரிகின்றன. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவனிடம் நான் பாதி உண்மையைச் சொல்லி வேலை வாங்கிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடட்டுமா மதினி? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

லில்லி


பாளையங்கோட்டை
6-12-1996

லில்லிக்கு,

சுகம்தானே. இங்கே சுகம்.

சொல்லாதே. உன்னை மண்டியிட்டுக் கேட்கிறேன். இருபது வருஷத்தில் இப்படி ஒரு சாயங்காலத்தை இந்த வீட்டில் நான் கண்டதில்லை. நேற்று அவரே பரோட்டா வாங்கிவந்தார். பீர் என்ற பேர் அவர் காதில் விழவேண்டாம்.

இல்லாத கல்லுக்கு ஒன்பது நாள் ஜெபம் பண்ணித் தொலைத்திருக்கிறேன். அதை உன் அண்ணன் பேருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி நீ கேள். சிஸ்டர் கேட்டால் அந்தோணியார் தட்டமாட்டார்.

பவுலின்


கன்னியர் மடம்
28-12-1996

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. நீ சுகமாக இருப்பதாக எழுதியிருந்தாய். மூலையில் 87. அந்த நம்பரை வைத்துக்கொண்டு கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதேன். வெளிநாட்டுப் பிள்ளை, வீட்டு நினைப்பு என்று எல்லாரும் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

அது டோக்கன் நம்பர் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே, யாரையும் கோபிக்காதே.

இந்தக் கடிதம் எழுதவேண்டாம் என்று என்னிடம் கெஞ்சிக் கேட்டவர்கள் உண்டு. கேட்டது அன்பால்தான். ஆனாலும் எழுதுகிறேன். உன் கையால் நெல் உடைத்துப் பார்த்து நீ எனக்குச் சொல்லித் தருகிறாயே, அந்தப் பார்லியிலிருந்து இங்கே எடுக்கிறது பீர். நான் சொல்லாமல் விட்டேன். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். பயந்தேன். நீ என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை பொய் சொல்லியிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். நான் உனக்குச் சொன்ன பொய்தான் எனக்குப் பொறுக்கமுடியவில்லை.

இனிமேல் நீ உதவவேண்டாம் என்று தோன்றினால் உதவவேண்டாம். ஆனால் அண்ணா, நம்பரை நிறுத்திவிடாதே. உன்னால் நம்பர் எழுதமுடியாமல் போனால் வெறும் தாளாவது அனுப்பு.

உன் தங்கை
லில்லி


பாளையங்கோட்டை
22-2-1997
(மூலையில் பென்சிலில்: 9)

அன்புள்ள தங்கை லில்லிக்கு அண்ணன் எழுதுவது,

உயிரோடு இருக்கிறேன். உடம்பு பரவாயில்லை. மதினியும் சுகம். ஒன்றரை மாதமாக உன்னைக் காக்கவைத்ததற்கு மன்னித்துக்கொள்.

மூலையைப் பார்த்திருப்பாய். ஒன்பது. தப்பாக எழுதவில்லை. நூற்றுப் பதினேழு வரைக்கும் போனேன். நூற்றுப் பதினெட்டாவது நாள் விழுந்தேன். விழுந்தது உன் கடிதத்தால் இல்லை. இதை நீ நம்பவேண்டும். உன் கடிதம் வந்தது ஜனவரி ஒன்பதாம் தேதி. அன்றைக்கும் மறுநாளும் திருவையோடுதான் உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு மூன்று நாள் மில்லை அடைத்தேன். மதினி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நெல்லும் தீர்ந்துபோயிருந்தது. கை சும்மா இருந்தது. ஆறு மணிக்கு எழுந்து நடந்தேன், அவ்வளவுதான். காரணம் என்று ஒன்று இருந்தால் சொல்லமாட்டேனா?

பிறகு ஒரு மாதம் எழுதும்படி இல்லை. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடேயே கடைக்குப் போனேன். மறுநாளும் குடித்தேன். மதினி சண்டை போடவில்லை. உன் டிசம்பர் கடிதத்தை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கடைசி வரியில் விரலை வைத்து, "வெறுந்தாளாவது கேட்டிருக்கா பாருங்க" என்றாள். வெறும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அனுப்ப வெட்கமாக இருந்தது. மறுநாள் அதில் 1 என்று எழுதினேன். நீ இப்போது படிக்கிறது அந்தத் தாள்தான். ஒன்றை அழித்து அழித்து ஒன்பது வந்திருக்கிறது.

பீர் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஏட்டி கோட்டிக்காரி, உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். கஞ்சிக்கு உமியைக் காப்பாற்றுகிறவள் உலகத்தில் உண்டா? பார்லி எதற்கு ஆகும் என்று பாட்டில் மேலேயே அச்சடித்திருக்கிறான். அந்த லேபிளை என்னைப்போல எவன் படித்திருக்கிறான்? மதினியை ஒன்பது நாள் கல்லடைப்புக்கு ஜெபம் பண்ணவிட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்குப் 'பானம்', எனக்கு 'டோக்கன்'. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

தெரிந்தும் ஏன் செய்தேன் என்றால், யாரோ ஏழு பேர் சோற்றோடு ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். அவர்களால் முடிகிறது, என்னால் முடியவில்லை. அதில் எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும்தான் எனக்கு எதிரி. அந்த இரண்டு மணி நேரத்துக்கு நீ ஒரு வேலை கொடுத்தாய். அதற்காக உன் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

இப்போது வேலைக்கு வா. போன செவ்வாய்க்கிழமை சீவலப்பேரிச் செல்லக்கிளி கோதுமை ரவை உடைக்க வந்தாள். மில் அடைக்கிற நேரம். நான் திருவையில் நெல்லைப் போட்டு ஏசிக்கொண்டிருக்கிறதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "காஞ்ச தொலியைக் கல்லுல போட்டா நொறுங்கத்தான செய்யும் அண்ணாச்சி? தண்ணியைத் தெளிச்சுப் பிசிறி, கால் மணி நேரம் மூடி வையிங்க. தொலி மட்டும் பதம் வாங்கித் துவண்டு கொடுக்கும், உள்ள பருப்பு அப்படியே மொறுமொறுன்னு கிடக்கும். இது தெரியாமலா இத்தன வருசம் மில்லு ஓட்டுதீய?"

எனக்குத் தெரியாது லில்லி. கரண்டு மிஷின் எதையும் கேட்பதில்லை, போட்டதை அரைத்துத் தள்ளிவிடும். அவள் சொன்னபடி செய்தேன். உமி இரண்டாகப் பிளந்து சின்னப் படகு மாதிரி முழுசாகக் கிடந்தது. அரிசி தனியாக உடைந்து கிடந்தது. ராத்திரிச் சாப்பாட்டையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் கொஞ்சம்தான். பிசிறினபிறகு உள்ளங்கையில் ஈரம் தெரியவேண்டும், தானியம் ஒட்டக் கூடாது. கல்லுக்கு நடுவே எவ்வளவு இடம் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இந்த உறையில் நாலு போஸ்ட் கார்டு வைத்திருக்கிறேன், எழுதாதது. நாலையும் அடுக்கிக் கல்லுக்கு நடுவே சொருகு. உருவினால் உரசிக்கொண்டு வரவேண்டும், கிழியக் கூடாது. அதுதான் கணக்கு. திருவையில் அந்தக் கனம்தான் சரியாக வந்தது.

மறுபடி விழமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. சத்தியம் செய்து பார்த்தாயிற்று. இன்றைக்கு ஒன்பது, அவ்வளவுதான் கையில் இருக்கிறது.

அண்ணன்
பவுல்ராஜ்


கன்னியர் மடம்
31-5-1997
(மூலையில் பென்சிலில்: 118)

என் பிரியமான அண்ணனுக்கு,

நீ சுகம், மதினி முழங்காலும் சுகம் என்று ஏப்ரல் கடிதத்தில் பார்த்துச் சந்தோஷம். இங்கே பனி போய் ஆப்பிள் மரமெல்லாம் பூத்துக் கொட்டிவிட்டது. ஒரு காலுறைக்கு வந்துவிட்டேன்.

'தண்ணீர் ஓடியது' என்று மார்ச்சில் ஒரு வரிதான் போட்டேன். முழுக்கதை சொல்லக் காத்திருந்தேன். அந்தச் சாமான் பீப்பாயில் பல வாரம் கிடந்து பழகினபிறகுதான் நல்லதா கெட்டதா என்று தெரியும். மதரும் அதுவரைக்கும் முடிவு சொல்லமாட்டேன் என்றுவிட்டார். வீண் ஆசை காட்டவேண்டாம் என்று நானும் அடக்கிக்கொண்டேன்.

உன் நாலு போஸ்ட் கார்டையும் சொருகினேன். உரசிக்கொண்டு வந்தது. தண்ணீரைத் தெளித்துப் பிசிறினபோது வால்புர்கா பதறிவிட்டார். நாற்பது வருஷமாகத் தானியத்தை ஈரம் படாமல் பொத்திப் பொத்தி வைத்தவர். "நனைக்கிறாளே, நனைக்கிறாளே" என்று மதரைக் கூப்பிட ஓடினார். மதர் வருவதற்குள் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு பிடியை அவர் உள்ளங்கையில் கொட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். உமியை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். அப்புறம் என்னைத் தள்ளிவிட்டு அவரே கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

ஊறவைத்து, குழாயைத் திறந்தோம். முதலில் கலங்கலாக வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு தெளிந்து, நிற்காமல், நம் ஊர்ப் பதநீர்ப் பாகு நிறத்தில் ஓடிற்று. எழுபத்தாறு வயதில் அந்த அம்மாள் குதித்தது எனக்குத்தான் பயமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் முதல் பீப்பாயைத் திறந்தார்கள். மதர் ஒரு வாய் குடித்துவிட்டு, தானிய அறைச் சாவி இனி வால்புர்காவிடமும் என்னிடமும் இருக்கட்டும் என்றார். யாரும் எங்கும் போகவில்லை. வால்புர்கா கிளாசைத் தூக்கி, 'பவுல்ராட்ஷ்' என்றார். உன் பேர்தான், அவர் வாயில் அப்படித்தான் வருகிறது. எல்லாரும் சொன்னார்கள். நான் தண்ணீர் கிளாசைத் தூக்கினேன். ஏன் என்று கேட்டார்கள். அண்ணன் தொடாததை நான் தொடமாட்டேன் என்று சொன்னேன். வேப்பங்கொழுந்து எனக்குப் பிடிக்காது என்பதையும் சொன்னேன், பொய் இருக்கக் கூடாதல்லவா.

இனி மூலையில் இருக்கிற நம்பர். இந்த முறை நான் எழுதியது. பிப்ரவரி பதினாலு முதல் நாள் என்றால் இன்றைக்கு 107. கடிதம் உன் கைக்கு வரப் பதினொரு நாள். கூட்டினால் 118. போன தடவை நீ விழுந்தது அந்த நாளில்தான். அன்றைக்கு ஆறு மணிக்கு மில்லை அடைக்கும்போது உன் கை சும்மா இருக்கக் கூடாது, இந்தக் கடிதம் இருக்கட்டும் என்று தேதி பார்த்துத் தபாலில் போடுகிறேன். நடுவில் இருக்கிற பதினொரு நாளையும் நீ நடந்து வருவாயோ மாட்டாயோ என்று சந்தேகப்பட்டுத்தான், அழிக்க வசதியாகப் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதினேன் என்று நினைக்காதே. நீ பென்சிலால் எழுதுவாய், அதனால் நானும். எனக்குச் சந்தேகம் இல்லை.

உன் தங்கை
லில்லி


பாளையங்கோட்டை
12-6-1997
(மூலையில் 118 அடிக்கப்பட்டு, பக்கத்தில் 119)

லில்லிக்கு அண்ணன் எழுதுவது,

நாங்கள் சுகம். நாளை அந்தோணியார் திருநாள். மதினி உவரிக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள், நானும் போகிறேன்.

மில் குடும்பத்துப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை. உன் கடிதம் நேற்று வரவில்லை, இன்றைக்குத்தான் வந்தது. தபால்காரர் சத்தியநேசனைக் கேட்டால், "பிளேன்காரன் தாமதம் பண்ணினா நான் என்ன செய்ய முடியும் அண்ணாச்சி?" என்கிறார்.

நேற்றைக்கு எந்த நாள் என்று எனக்கும் தெரியும். காலையிலிருந்தே தெரியும். ஆறு மணிக்கு மில்லை அடைத்தேன். கையில் கடிதமும் இல்லை, உடைக்க நெல்லும் இல்லை. பூட்டுச் சாவி மட்டும்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவந்துவிட்டேன்.

அதனால் உன் நம்பரைத் திருத்தியிருக்கிறேன். பார்த்துக்கொள், நூற்றுப் பத்தொன்பது.

அண்ணன்
பவுல்ராஜ்